காற்றைக் கணக்கிடக் கிளம்பும் பிள்ளைகளுக்கு

குன்னூர், கோத்தகிரித் தேயிலைத் தொழிற்சாலைகளில் கொழுந்து வாட்டும் ட்ரஃப் என்னும் நீளத் தொட்டியின் காற்றோட்டத்தை ஓப்பன்ஃபோம் மென்பொருளில் கணக்கிட வரும் இளையவர்களுக்கு:

1. முதலில் தொழிற்சாலைக்குப் போங்கள். ட்ரஃபின் ஒரு முனையில் விசிறி, அடியில் காற்றறை, மேலே கம்பிவலை, அதன்மேல் பச்சை இலை. இலை மெலிதாகக் கிடக்கும் இடத்தில் காற்று சுலபமாக ஏறிவிடும். கனமான இடம் வாடாமல் நிற்கும். இலை பரப்புகிறவர்களைக் கேளுங்கள், இடம் காட்டிச் சொல்வார்கள்.

2. ஓப்பன்ஃபோம் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் உருவானது. 2004இல் ஜிபிஎல் என்னும் திறமூல உரிமத்தில் வெளிவந்தது. இலவசம் என்பதற்காக மட்டும் எடுக்காதீர்கள். இலைப்படுகை காற்றுக்குத் தரும் தடையை அது எப்படிக் கணக்கில் சேர்க்கிறது என்று நிரலிலேயே வரிவரியாகப் படிக்கலாம். படியுங்கள்.

3. பலரும் தவறவிடுவது இதைத்தான். நம் மலைக் காற்று எடை குறைந்தது. கடல்மட்டத்தில் கனமீட்டருக்கு 1.2 கிலோ, சுமார் 1,850 மீட்டர் உயரமுள்ள குன்னூரில் 0.97 அளவுதான். ஓப்பன்ஃபோமின் சிம்பிள்ஃபோம் தீர்வி தருவது அடர்த்தியால் வகுத்த அழுத்தம். பாஸ்கலில் வேண்டுமானால் அடர்த்தியால் பெருக்க வேண்டும். அங்கே பழக்கதோஷத்தில் 1.2 போட்டால் விடை கால்வாசி கூடிவிடும். விசிறியும் அப்படியே: அதே சுற்றுவேகத்தில் ஓடினாலும், அது எழுப்பும் அழுத்தம் இங்கே ஐந்தில் ஒரு பங்கு குறையும். தயாரிப்பாளர் தரும் வரைபடம் பெரும்பாலும் சமவெளிக் காற்றுக்கானது; திருத்தாமல் பயன்படுத்தாதீர்கள்.

4. மூடிய கடைமுனையில் காற்றின் வேகம் தணிந்து அழுத்தம் ஏறும், அதனால் அங்கே இலைக்குள் அதிகக் காற்று போவதாகக் கணக்கு காட்டலாம். நம்பிவிடவும் வேண்டாம், தள்ளிவிடவும் வேண்டாம். அனிமோமீட்டரை எடுத்துக்கொண்டு ட்ரஃப் நெடுக அளந்து பாருங்கள். அளவும் கணக்கும் ஒத்துவரும்வரை கணக்கின் வண்ணப்படத்தை முதலாளியிடம் காட்டாதீர்கள். அதை நம்பி அவர் ட்ரஃபை இடித்துக் கட்டிவிடுவார்.

5. மடிக்கணினியில் தொடங்குங்கள். கணக்கீட்டு வலையைச் சோதிக்கும் செக்மெஷ் கட்டளை குறை சொன்னால் நின்று சரிசெய்யுங்கள். வலையை நெருக்கிப் பார்த்தும் விடை அசையவில்லை என்றால், பெரிய கணினியே தேவைப்படாமல் போகலாம். தேவைப்பட்டால், திருச்சி என்ஐடியில் 2022இல் நிறுவிய பரம் பொருள் மீக்கணினி இருக்கிறது, 838 டெராஃப்ளாப்ஸ். ஆனால் கோர்களைக் கூட்டிக்கொண்டே போகாதீர்கள். ஒரு கோருக்கு வலையின் சில ஆயிரம் கட்டங்களே மிஞ்சினால், கணக்குப் போடும் நேரத்தைவிடக் கோர்கள் ஒன்றுக்கொன்று தகவல் அனுப்பும் நேரம் மிகுந்துவிடும்.

6. ஓப்பன்ஃபோமின் எந்தப் பதிப்பு, என்ன எண் என்று குறித்துவையுங்கள். ஃபவுண்டேஷன் பதிப்பும் இஎஸ்ஐ பதிப்பும் ஒன்றல்ல.

7. முடித்ததும் கணக்கின் கோப்புகள் உள்ள கேஸ் கோப்புறையை, அளந்த எண்களோடு, பொதுவில் வையுங்கள். ஐஐடி பம்பாயின் ஃபாஸி திட்டம் ஓப்பன்ஃபோமில் மாணவர்கள் செய்த ஆய்வுகளைத் திரட்டி வெளியிடுகிறது. நீலகிரி ட்ரஃப் ஒன்றும் அந்தத் திரட்டில் சேர வேண்டும் என்பது என் ஆசை.