படிவமும் அதனை ஏற்கும் நிரலும்

இணையப் பக்கமொன்றிலே பெயர் முதலியவற்றை நிரப்பி, ‘அனுப்பு’ என்னும் பொத்தானை அழுத்துவார் பலர். அழுத்திய பின் அவ்வெழுத்துக்கள் எங்ஙனம் ஏற்கப்படுகின்றன என அறிவார் சிலரே. அதனைத் தொடக்க மாணாக்கர்க்குப் பீ.எச்.பீ. மொழியைக் கொண்டு ஈண்டு விளக்கப் புகுகின்றோம். இம்மொழியை இரஸ்மஸ் லேர்டோவ் என்பார் 1995ஆம் ஆண்டில் வெளியிட்டார். அதன் முற்பட்ட பதிப்பொன்றின் பெயரிலேயே ‘படிவ விளக்கி’ எனப் பொருள்படும் சொற்கள் இருந்தமையால், அது எத்தொழிலுக்குப் பிறந்ததென்பது தெளிவு.

பழைய மாணவர் பதிவுப் படிவமொன்றை எடுத்துக்கொள்வோம். அதில் பெயரும் கல்லூரியை விட்டு நீங்கிய ஆண்டும் கேட்கப்படுகின்றன. ஒவ்வொரு கட்டத்துக்கும் ‘நேம்’ என்னும் பண்பினால் ஓர் அடையாளம் இடல்வேண்டும். இடாத கட்டம் அனுப்பப்படுவதேயில்லை. அனுப்பும் முறை இரண்டு. கெற் முறையில் தரவு முகவரியின் இறுதியில் வினாக்குறிக்குப் பின் தொடர்ந்து செல்லும். தேடலுக்கு அது பொருந்தும். போஸ்ற் முறையில் அது வேண்டுகோளின் உடலிற் செல்லும். பதிவுக்கு இதுவே தக்கது. போஸ்ற் முறை மறைவானது என்பாரும் உளர். அது பொருந்தாது, வழியில் எவரும் படியாதிருக்க எச்.ரீ.ரீ.பீ.எஸ். வேண்டும்.

சேவையகத்தை அடைந்த தரவு ஓர் அணியாக நிரலின் கையில் வந்து சேரும். (அணியிலக்கணத்து அணியன்று, வரிசைப்படுத்திய தொகுதி.) பெயரின் இருபுறத்து வெற்றிடத்தை ‘ட்ரிம்’ என்னும் சார்பினால் நீக்கி, அது வெறுமையோ என நோக்குக. ஆண்டு முழுவெண்ணோ, தக்க எல்லைக்குள் அடங்கியதோ எனவும் நோக்குக. உலாவியே இவற்றைச் சோதித்துவிடுமே எனின், உலாவியின்றியும் தரவு அனுப்பலாம் ஆதலின், சேவையகத்துச் சோதனையே சோதனை.

இனி, தமிழர் சிறப்பாகக் கருதவேண்டியதொன்றுளது. பெயர் இருபது எழுத்தைக் கடத்தலாகாது என விதித்தால், எழுத்தென்பது யாது? ‘மாணிக்கவாசகர்’ என்பது எமக்கு எட்டெழுத்து. ‘ஸ்ட்ர்லென்’ என்னுஞ் சார்போ 39 என்னும், யூ.ரீ.எவ்.-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க்குறியும் மூன்று பைற்றாதலின், அது பைற்றுக்களையே எண்ணுகின்றது. ‘எம்பி_ஸ்ட்ர்லென்’ 13 என்னும். புள்ளியும் உயிர்க்குறியும் அதற்குத் தனித்தனி. ‘கிராபீம்_ஸ்ட்ர்லென்’ ஒன்றே எட்டென விடை தரும். முதற்சார்பை நம்பினால் எட்டெழுத்துப் பெயருடையார் ‘பெயர் நீண்டது’ எனத் திருப்பப்படுவர். இருபது பைற்றோடு வெட்டினாலோ, ‘மாணிக்’ என நின்று அடுத்த ககரம் சிதையும். பெயரைச் சிதைத்துப் பதிதலினும் பதியாதிருத்தல் நன்று.

சோதித்த பெயரைத் தரவுத்தளத்துக் கட்டளையோடு ஒட்டி எழுதுதல் பெருந்தீங்கு. வஞ்சகன் ஒருவன் பெயர்க் கட்டத்திற் கட்டளையையே எழுதியனுப்பினால், தரவுத்தளம் அதற்கும் பணியும். கட்டளையை முன்னரே ஆயத்தஞ்செய்து, மதிப்பை வேறாகக் கொடுத்தலே முறை. பக்கத்திற் காட்டும்போது ‘எச்ரீஎம்எல்ஸ்பெஷல்சார்ஸ்’ சார்பினூடாகச் செலுத்துக, சேமிக்கும்போதன்று, காட்டும்போது.

பதிந்தபின் நன்றிப் பக்கத்தை அவ்விடத்திலேயே காட்டற்க. வாசகர் பக்கத்தை மீளேற்றினால் அதே படிவம் மீண்டுஞ் செல்லக்கூடும். 303 என்னும் மறுமொழியால் வேறு முகவரிக்குத் திருப்பிவிடின், ஒருவர் பெயரே விருந்துப் பட்டியலில் இருமுறை ஏறாது.