மக்களுக்குக் கொடுக்கும் பணமும் வருமான வரியும்

சங்கராபுரம் வட்டாரத்துச் சங்கங்களைப் பார்வையிடச் செல்லும்பொழுது அங்கத்தினர்கள் நம்மிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "கரும்புப் பணம் வந்திருக்கிறது, மகன் தறிக்கொட்டகை போட மூன்று லட்சம் கொடுக்கலாமென்றிருக்கிறேன். வங்கி மூலம் கொடுத்தால் வரி வந்துவிடுமாமே?" என்பதே அது. இவ்வச்சத்தினால் சிலர் பணத்தை ரொக்கமாகவே கொடுத்துவிடுகின்றனர். வரியில்லாத இடத்தில் வரிக்கு அஞ்சி, அபராதம் உள்ள இடத்தில் போய் விழுவதாகும் இது. ஆகவே இதனையே இம்மாதப் பாடமாகக் கொள்வோம்.

1. அச்சம் எழுந்த வரலாறு

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பொருளாதார அறிஞர் நிக்கோலஸ் கால்டர் 1956இல் அளித்த யோசனைகளையொட்டி, 1958இல் நம் நாட்டில் நன்கொடை வரிச் சட்டம் வந்தது. குறித்த தொகைக்கு மேல் கொடுத்தவர் வரி செலுத்த வேண்டியிருந்தது. 1998 அக்டோபர் 1 முதல் அவ்வரி நீங்கிவிட்டது. ஆயினும் பெரியோர் மனத்தில் அப்பயம் இன்னும் நீங்கவில்லை.

2. இன்றைய விதி

2004 முதல் இவ்வரி கொடுப்பவருக்கன்று, பெறுபவருக்கே உரியது. உறவினரல்லாதாரிடமிருந்து ஓராண்டில் மொத்தம் 50,000 ரூபாய்க்கு மேல் இனாமாகப் பெற்றால், முழுத் தொகையும் பெற்றவர் வருமானத்தில் சேரும். தம் திருமணத்தின்பொழுது பெறும் மொய்க்கு விலக்குண்டு.

உறவினர் கொடுப்பதற்கு, தொகை எவ்வளவாயினும், வரியில்லை. தாய் தந்தையர், பாட்டன் பாட்டியர், உடன்பிறந்தோர், பெற்றோருடன் பிறந்தோர் ஆகியோர் இதில் அடங்குவர். சித்தப்பா மகன் நமக்கு அண்ணன் முறையானாலும், சட்டத்தின் பட்டியலில் அவர் இல்லை.

3. ரொக்கத்தில் உள்ள அபாயம்

2017 ஏப்ரல் 1 முதல், ஒருவரிடமிருந்து ஒரே நாளிலோ ஒரே காரியத்தின் பொருட்டோ 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறலாகாது. தந்தை, மகன் என்ற உறவுக்கு இதில் விலக்கில்லை. மீறியவர் தக்க காரணம் காட்டாவிடில், பெற்ற தொகைக்குச் சமமான அபராதம் அவர்மீது விதிக்கப்படலாம். மேற்கூறிய மூன்று லட்சத்தை நாளுக்கு ஒரு லட்சமாகப் பிரித்துக் கொடுத்தாலும், காரியம் ஒன்றேயாதலால் இவ்விதியினின்று தப்ப இயலாது. மகன் தறிக்கொட்டகையும் போட்டு, மூன்று லட்சம் அபராதமும் கட்ட நேரிடும்.

4. செய்ய வேண்டியது

கூட்டுறவு வங்கியிலோ வேறு வங்கியிலோ உள்ள தம் கணக்கிலிருந்து மகன் அல்லது மகள் கணக்குக்குத் தொகையை மாற்ற வேண்டும். பணம் அசையும் பொருளாதலால் பத்திரப் பதிவு அவசியமன்று. எனினும், இன்னார் இன்னாருக்கு, இன்ன தேதியில், இன்ன தொகையைத் திருப்பிக் கேளாமல் அன்பளிப்பாக அளித்தார் என ஒரு தாளில் எழுதி இருவரும் ஒப்பமிடுக. பணம் வந்த வழியைக் காட்டும் ஆலைச் சீட்டையும் அதனுடன் வைத்திருக்க. விவசாய வருமானத்துக்கு மத்திய அரசின் வருமான வரி இல்லை. ஆனால் அது விவசாய வருமானமே என்று காட்டும் பொறுப்பு நம்முடையது.

5. பின்னர் வரும் வருமானம்

வயது வந்த மகனோ மகளோ அப்பணத்தை வைப்பு நிதியில் இட்டுப் பெறும் வட்டி அவர்களுடைய வருமானமே. மருமகளுக்குக் கொடுத்தால் நிலை வேறு: கொடுக்கும்பொழுது வரியில்லை, ஆனால் அதன்மேல் வரும் வட்டி, கொடுத்த மாமனார் அல்லது மாமியார் கணக்கில் சேரும்.

சங்கக் காரியதரிசிகள் இப்பாடத்தை அடுத்த கூட்டத்தில் படித்துக் காட்டுவார்களாக. மக்களுக்குக் கொடுப்பதை மறைக்க வேண்டியதில்லை. கணக்கில் கொடுப்பதே அவர்களுக்குக் காப்பு.