மெஷ்ஷைத் திறந்து காட்டுங்கள்

முப்பரிமாண மாடலிங் வேலைக்கு விண்ணப்பிக்கும் பலர் பளபளக்கும் ரெண்டர் படங்களாகவே ஷோரீலை நிரப்பி அனுப்புகிறார்கள். ஆளெடுப்பவர் தேடுவதோ வயர்ஃப்ரேமை. நீங்கள் செய்த உருவம் அடுத்து ரிக்கரிடம் போகும், பிறகு அனிமேட்டரிடம். நடுவில் இயக்குநர் மூக்கைச் சற்றுக் குறைக்கச் சொல்வார். அப்போது இன்னொருவர் உங்கள் மெஷ்ஷை எடுத்துச் சிரமமில்லாமல் திருத்த முடிய வேண்டும். சம்பளம் இதற்குத்தான்.

முழங்கையைப் பாருங்கள். கையைச் சுற்றி வரும் எட்ஜ் லூப் மூட்டில் ஒன்றே ஒன்று இருந்தால், மடக்கியதும் அந்த இடம் நசுங்கிப் போகும். மூட்டில் ஒன்று, அதற்கு மேலும் கீழும் ஒவ்வொன்று எனக் குறைந்தது மூன்று வேண்டும். உட்பக்கம் நெருக்கியும் வெளிப்பக்கம் விரித்தும் வைத்தால், மடக்கும்போது வெளித்தோல் நீள இடம் கிடைக்கும். கண்ணையும் வாயையும் சுற்றித் தசை வட்டமாக ஓடுகிறது. லூப்பும் அப்படியே ஓடட்டும்.

எல்லாம் நாற்கரமாக இருக்கட்டும் என்று ஆசிரியர்கள் வற்புறுத்தக் காரணம் உண்டு. 1978இல் எட்வின் கேட்மல், ஜிம் கிளார்க் இருவரும் வெளியிட்ட சப்டிவிஷன் முறை ஒவ்வொரு நாற்கரத்தையும் நான்காகப் பிரித்து வழவழப்பாக்குகிறது. பிக்ஸாரின் 1997 குறும்படம் 'ஜெரிஸ் கேம்' கிழவரின் முகம் சப்டிவிஷனில் உருவானதுதான். ஐந்தாறு எட்ஜ்கள் கூடும் புள்ளிகளை முழுதாகத் தவிர்க்க முடியாது. மடியும் இடத்தில் மட்டும் அவை வர வேண்டாம்.

மென்பொருள் வாங்கக் காசில்லை என்று தயங்காதீர்கள். பிளெண்டர் இலவசம். 2025இல் ஆஸ்கர் வென்ற லாட்வியப் படம் 'ஃப்ளோ' அதில்தான் உருவானது. மாயா கேட்கும் ஸ்டூடியோக்களும் உண்டு. லூப் ஓட்டம் புரிந்தவருக்கு அங்கே மாறுவது பட்டன்களின் இடம்தான்.

பிளெண்டரில் ப்ரொபோர்ஷனல் எடிட்டிங்கைக் கைக்குப் பழக்குங்கள். ஒரு புள்ளியை இழுத்தால் சுற்றியுள்ளவையும் தூரத்துக்கேற்பக் கூடவே நகரும். மவுஸ் சக்கரத்தை உருட்டினால் வட்டம் பெருகும், சுருங்கும். மேலுதட்டை இழுக்கும்போது கீழுதடும் சேர்ந்து வந்தால் 'கனெக்டட் ஒன்லி' போடுங்கள். தூரத்தை அது மெஷ்ஷின் வழியாகவே அளக்கும்.

அனுப்பும் முன் ஸ்கேலை அப்ளை செய்துவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்தவர் பெவல் போடும்போது ஓரம் கோணலாகும். ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் புள்ளிகளை இணையுங்கள். திரும்பிக் கிடக்கும் நார்மல்களைச் சரிசெய்யுங்கள்.

நேர்காணலில் ஏதாவது ஒரு லூப்பைத் தொட்டு, "இது இங்கே எதற்கு?" என்று கேட்பார்கள். உங்கள் மாடலின் ஒவ்வொரு லூப்புக்கும் பதில் வைத்துக்கொண்டு போங்கள். பதில் சொல்ல முடியாத லூப்பை முந்தின நாளே அழித்துவிடுங்கள்.