பரணில் கிடக்கும் மைப்பேனாவை எழுத வைப்போம்



ஸ்ரீராம்புரத்துப் பழைய வீடுகளில் டிரங்குப் பெட்டியைத் திறந்தால், மில் அடையாள அட்டைக்கும் மஞ்சள் பூத்த கல்யாணப் பத்திரிகைகளுக்கும் அடியில் ஒரு மைப்பேனா அகப்படுவதுண்டு. ராஜா மில், மினர்வா மில், பின்னி மில் என்று வேலை தேடி வந்த தலைமுறை, ஊருக்குக் கடிதம் எழுதவும் மணியார்டர் பாரம் நிரப்பவும் சட்டைப்பையில் செருகி வைத்திருந்த பேனா அது. "தாத்தாவுடையது" என்று பிள்ளைகளுக்கு எடுத்துக் காட்டுவார்கள். எழுதுமா என்று கேட்டால், "அது கெட்டுப்போய் எத்தனையோ வருஷம் ஆச்சு" என்று திரும்ப உள்ளே வைத்துவிடுவார்கள்.

இப்பேனாக்களில் பெரும்பாலானவை கெட்டுப்போனவையே அல்ல. உள்ளே மை உலர்ந்து அடைத்திருக்கிறது, அவ்வளவுதான். தண்ணீரும் பொறுமையும் இருந்தால் மீண்டும் எழுதும். ஆனால் அவசரப்பட்டு வெந்நீரிலும் ஸ்பிரிட்டிலும் போட்டால், நாற்பது ஆண்டுகள் பரணில் தப்பிப் பிழைத்த பேனா ஒரே மாலையில் பாழாகிவிடும். எனவே கை வைக்கும் முன் அதன் அமைப்பைச் சற்றுத் தெரிந்துகொள்வோம்.

விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதைப் பார்த்திருக்கிறோம். மைப்பேனாவும் அதே தத்துவத்தில்தான் இயங்குகிறது. நிப்பின் நடுவே தலைமுடி அளவு ஒரு பிளவு. நிப்புக்கு அடியில், ஓரங்களில் வரிவரியாக வெட்டிய கறுப்புத் துண்டு ஒன்று ஒட்டியிருக்கும். இதை அடிக்கட்டை என்று வைத்துக்கொள்வோம். அதன் முதுகில் ஓடும் மெல்லிய பள்ளம் வழியாக மை இறங்குகிறது. இறங்கிய மைக்கு ஈடாகக் காற்று உள்ளே ஏறுகிறது. காற்று ஏற வழியில்லாவிட்டால் மை இறங்காது. நியூயார்க்கில் லூயிஸ் வாட்டர்மேன் 1884இல் காப்புரிமை பெற்றது இந்த அடிக்கட்டை அமைப்புக்குத்தான். நம் கைக்குக் கிடைக்கும் பழைய பேனாவில் நூற்றுக்குத் தொண்ணூறு நோய் இந்தப் பள்ளத்தில்தான் இருக்கும் என்பது என் அனுபவம்.

அடுத்து, பேனா எந்த இனம் என்று பாருங்கள். கழுத்தைத் திருகித் திறந்தால் உடல் முழுவதும் வெறும் குழாயாக இருந்தால், அது சொட்டுக் குழாயால் மை ஊற்றும் நாட்டுப் பேனா. உள்ளே உலோகக் கூட்டில் அழுத்தி உறிஞ்சும் சிறு பை இருந்து, நிப்பின் நுனி மட்டும் வெளியே எட்டிப் பார்த்தால், அது அநேகமாகச் சீனத்து ஹீரோ அல்லது அதற்கு முன்மாதிரியான பார்க்கர் 51. பார்க்கர் 51 வந்தது 1941இல். பக்கவாட்டில் சிறு நெம்புகோல் இருந்தால் உள்ளே ரப்பர்ப் பை. அது இந்நேரம் காய்ந்து நொறுங்கியிருக்கும், பழுது பார்ப்பவரிடம்தான் தர வேண்டும்.

நாட்டுப் பேனாவைக் குறைவாக நினைக்க வேண்டாம். ஆந்திரத்து ராஜமுந்திரியில் கே.வி. ரத்னம் செய்த பேனாவை, கிராமக் கைத்தொழில் சங்கத்தின் ஜே.சி. குமரப்பா மூலமாகக் காந்தியடிகள் பெற்றார். எழுதிப் பார்த்துவிட்டு, கடைகளில் விற்கும் அயல்நாட்டுப் பேனாக்களுக்கு இது நல்ல மாற்று என்று 1935இல் ரத்னத்துக்கு நன்றிக் கடிதம் எழுதினார். அந்தக் குமரப்பா தஞ்சாவூரில் பிறந்த தமிழர் என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். இவ்வகைப் பேனாக்களின் உடல் எபோனைட், அதாவது கந்தகம் சேர்த்து இறுக வைத்த ரப்பர். கட்டைவிரலால் சூடு பறக்கத் தேய்த்து முகர்ந்தால் கந்தக வாடை வரும். திருவள்ளூரில் ரங்கா பேனாக்காரர்கள் இன்றும் எபோனைட்டைக் கடைசல் பிடித்துச் செய்கிறார்கள். தேய்க்கும்போது கற்பூர வாடை வந்தால் அது செல்லுலாய்டு. அதைத் தீக்கு அருகில் கொண்டுபோகவே கூடாது, சட்டென்று பற்றிக்கொள்ளும்.

இனி வைத்தியம். கழுத்துப் பகுதியை மட்டும், சாதாரணக் குழாய்த் தண்ணீரில் நிப் மூழ்கும்படி ஒரு டம்ளரில் இரவு முழுவதும் நிறுத்தி வையுங்கள். காலையில் தண்ணீர் நீலமாக இருக்கும். கொட்டிவிட்டு மாற்றுங்கள். நீலம் வருவது நிற்கும் வரை, மூன்று நாளானாலும் நான்கு நாளானாலும், இதேதான். பிடிவாதமான அடைப்புக்குத் தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பு நீர் ஒரே ஒரு சொட்டு விடலாம். பிறகு நன்றாக அலசிவிட வேண்டும். வெந்நீர் கூடாது, எபோனைட் பழுப்பேறிவிடும். ஸ்பிரிட்டும் நகப்பூச்சு அழிக்கும் திரவமும் பிளாஸ்டிக்கையும் செல்லுலாய்டையும் கரைத்துவிடும். அழுத்தி உறிஞ்சும் பேனாவாக இருந்தால், டம்ளரில் நிறுத்தியபடியே பையை மெதுவாக அழுத்தி விட்டுத் தண்ணீரை உள்ளிழுத்து வெளியேற்றுங்கள்.

கழுத்து திருக வராவிட்டால் இடுக்கியை எடுக்காதீர்கள். சைக்கிள் டியூபில் இரண்டு துண்டு வெட்டி இரு பக்கமும் பிடித்துத் திருகுங்கள். வராவிட்டால் மறுபடி ஊறட்டும். நாட்டுப் பேனாவில் நிப்பும் அடிக்கட்டையும் வெறும் இறுக்கத்தில்தான் நிற்கும். ஊறிய பிறகு துணியால் பிடித்து, திருகாமல் நேராக இழுத்தால் கையோடு வந்துவிடும். பள்ளத்தைப் பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்க்கலாம். மூடிய நிப் உள்ள பேனாக்களில் இந்த வேலை வேண்டாம்; அவற்றுக்கு அலசுவதே போதும்.

பள்ளிக்கூடத்தில் நாம் கற்ற வைத்தியங்கள் இரண்டு உண்டு. பிளவில் சவர பிளேடை நுழைப்பது ஒன்று. நிப்பைச் சிமெண்ட் தரையில் தேய்ப்பது மற்றொன்று. இரண்டும் கொலை. பிளேடு பிளவின் ஓரங்களைச் சுரண்டுகிறது. தரையோ, நிப் நுனியில் பற்ற வைத்த கடினமான உலோகக் குமிழைத் தின்றுவிடுகிறது. எழுதும்போது கீறினால் முதலில் ஒரு பூதக்கண்ணாடியில் நுனியைப் பாருங்கள். இரண்டு பாதிகளில் ஒன்று மேலேறி நிற்கும். நகத்தால் மெல்ல அழுத்திச் சமப்படுத்தினாலே பெரும்பாலும் சரியாகிவிடும். நிப்பில் 14 கே அல்லது 585 என்று பொறித்திருந்தால் அது தங்கம். உடனே அடகுக்கடைப் பக்கம் மனம் போக வேண்டாம். எடை பெரும்பாலும் ஒரு கிராம்கூடத் தேறாது.

திரும்பப் பூட்டும்போது மரையில் சிலிகான் கிரீஸ் ஒரு கடுகளவு தடவினால் கசியாது. வீட்டில் இருக்கிறதே என்று தேங்காய் எண்ணெய் தடவுவார்கள். அது சிக்குப் பிடித்து நாறும். வாஸ்லின் ரப்பரைக் கெடுக்கும். நிப் கிடைக்காவிட்டால் அவென்யூ ரோடு எழுதுபொருள் கடைகளில் கேட்டுப் பாருங்கள். ஸ்ரீராம்புரத்திலிருந்து மெட்ரோவில் மூன்றாவது நிலையமான சிக்பேட்டையில் இறங்கி நடந்துவிடலாம்.

மை ஊற்றும் பேனாவில் ஒரு குறும்பு உண்டு. உள்ளே மை குறையக் குறையக் காற்று அதிகமாகிறது. கைச்சூட்டில் அந்தக் காற்று விரிந்து, மையைத் தள்ளித் தாளில் சொட்ட வைக்கிறது. ஆகவே மூன்றில் ஒரு பங்கு குறைவதற்குள் நிரப்பிவிடுவது நல்லது. இதே காரணத்தால் நமக்கு இன்னொரு தொல்லையும் இருக்கிறது. சென்னை கடல் மட்டத்தில் இருக்கிறது. பெங்களூரு சுமார் 900 மீட்டர் உயரத்தில். இங்கே காற்றழுத்தம் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு குறைவு. அதனால் ஊருக்குப் போகும்போது சமர்த்தாக இருக்கும் பேனா, திரும்பி ரயிலில் மேடேறி வரும்போது பைக்குள் படுத்திருந்தால் மூடிக்குள் மை கக்கி வைக்கும். நிப் மேல்நோக்கி இருக்கும்படி சட்டைப்பையில் செருகினால் காற்று மட்டும் வெளியேறிவிடும். முழுக்க நிரப்பியோ முழுக்கக் காலி செய்தோ கொண்டுவருவது இன்னும் உத்தமம்.

மை என்றால் பேனாவுக்கென்றே விற்கும் மைதான். கேமல், பிரில் போன்றவை போதும். படம் வரையும் இந்தியன் இங்க்கும் முத்திரை குத்தும் மையும் உள்ளே உறைந்து பள்ளத்தை நிரந்தரமாக அடைத்துவிடும். மாதம் ஒரு முறை தண்ணீரில் அலசுங்கள். பத்து நாள் எழுதப் போவதில்லை என்றால் காலி செய்து கழுவி வையுங்கள்; நம் தாத்தாக்கள் பேனாவை மையோடு மூடி வைத்ததால்தான் இவ்வளவு பாடும்.

இவ்வளவு சிரமப்பட்டு என்ன எழுதுவது? தமிழ் எழுதலாம். ஆங்கிலம், கன்னடப் பாடங்களைப் பால்பென்னால் எழுதும் நம் பிள்ளைகள் பலர் வீட்டில் தமிழ் பேசுகிறார்கள். எழுதச் சொன்னால் இ எங்கே தொடங்குகிறது, ண-வுக்கு எத்தனை சுழி என்று தயங்குகிறார்கள். பால்பென் அழுத்தினால்தான் எழுதும், சுழியில் விரல் வலிக்கும். மைப்பேனாவுக்கு அழுத்தமே தேவையில்லை. தாளில் சாய்த்து இழுத்தால் போதும். ஓலைச்சுவடியில் புள்ளியையே பெரும்பாலும் விட்டுவிட்டார்கள். இங்கே நுனி தொட்டாலே புள்ளி விழுந்துவிடுகிறது. பட்டையான நிப் வேண்டாம், கோடு போட்ட நோட்டில் ஞ, ஐ இவற்றின் சுழிகள் மையில் மூழ்கிவிடும். மெல்லிய நிப்பே தமிழுக்கு ஏற்றது. தாள் மலிவாக இருந்தால் மை பரவும். சற்றுக் கனமான நோட்டாக வாங்கிக் கொடுங்கள்.

முதல் மை ஊற்றுவதைப் பிள்ளைகளிடமே விடுங்கள். விரலில் படத்தான் செய்யும். நாம் தலைமுடியில் துடைத்துக்கொண்டவர்கள்தானே! சிந்திய மையைச் சாக்பீஸால் ஒற்றவும் அப்போதே காட்டிக் கொடுக்கலாம். கை பழகியதும் ஊரில் இருக்கும் பாட்டிக்கோ அத்தைக்கோ நாலு வரி எழுதச் சொல்லுங்கள். ஒரு நிமிடம் காயவிட்டு மடிக்கட்டும். முகவரியை மட்டும் பால்பென்னால் எழுதுங்கள். நீல மை மழைத் தண்ணீர் பட்டால் கரைந்துவிடும், தபால்காரருக்கு வீடு தெரியாது.