ஒரு 'பவுண்ட்', மூணு பிறப்பு!



தமிழ் வகுப்பில் 'ஒரு சொல் பல பொருள்' படிச்சிருக்கோம். 'திங்கள்' என்றால் நிலவு, மாதம், கிழமை. மூன்றுமே நிலவு என்ற ஒரே வேரில் கிளைத்தவை. ஆங்கிலச் சொற்களும் எல்லாம் இப்படித்தானா? 'பவுண்ட்' என்ற சொல்லை அகராதியில் தேடினேன். ஒரே எழுத்துக்கூட்டல்தான். ஆனால் அங்கே 1, 2, 3 என்று எண் போட்டு மூன்று தனித்தனிச் சொற்கள் இருந்தன!

1. எடையும் பணமும்

இது லத்தீனில் இருந்து வந்தது. அங்கே 'போண்டோ' என்றால் 'எடையில்' என்று பொருள். இன்றைய கணக்கில் ஒரு பவுண்ட் சுமார் 453.6 கிராம். இங்கிலாந்தில் முன்பு ஒரு பவுண்ட் எடை வெள்ளியில் 240 பென்னி காசு அடித்தார்கள். அதனால் எடையின் பெயரே பணத்துக்கும் பெயராச்சு. ஒரு பவுண்டுக்கு 240 பென்னி என்ற கணக்கு 1971 பிப்ரவரி வரை இருந்தது. பிறகு 100 ஆனது.

ஒரு பவுண்ட் மதிப்புள்ள ஆங்கிலேயர் தங்கக் காசின் எடை சுமார் 7.99 கிராம். இப்போ நகைக்கடையில் ஒரு பவுன் எவ்வளவு? 8 கிராம்! நம்ம 'பவுன்' அந்தப் பவுண்டின் பிள்ளைதான்.

2. மாட்டை அடைக்கும் பட்டி

இது பழைய ஆங்கிலச் சொல். அடைப்பு என்று பொருள். எடைக்கும் இதற்கும் உறவே இல்லை. பயிரை மேய்ந்த மாட்டைப் பிடித்து அடைக்கும் இடம் இது. ஆங்கிலேயர் 1871-ல் கொண்டு வந்த கால்நடை அத்துமீறல் சட்டப்படி, அபராதம் கட்டித்தான் மாட்டை மீட்க வேண்டும். யாரும் வராவிட்டால் ஏலம்! "மாட்டைப் பவுண்டுல அடைச்சுட்டாங்க" என்று எங்க அப்பத்தா சொல்லக் கேட்டிருக்கேன். குளத்தைக் குறிக்கும் 'பாண்ட்' என்ற ஆங்கிலச் சொல்லும் இதன் இன்னொரு வடிவமே. கரை கட்டி அடைத்த தண்ணீர் அல்லவா!

3. இடிப்பது

உரலில் இடிப்பதும் பவுண்ட். நெஞ்சு 'திக் திக்' என்று அடிப்பதற்கும் இதையே சொல்வார்கள். பழைய ஆங்கிலத்தில் இதன் வடிவம் 'பூனியன்'. கடைசியில் 'ட்' ஒலியே கிடையாது! 'ன்' சொல்லி முடிக்கும்போது நாக்கில் அது பின்னால் ஒட்டிக்கொண்டது. ஒலியைக் குறிக்கும் 'சவுண்ட்' சொல்லிலும் இப்படித்தான். அதன் லத்தீன் மூலம் 'சோனுஸ்'.

ஆக, திங்கள் ஒரே மரத்தின் மூன்று கிளை. பவுண்ட் மூன்று தனி மரம். பக்கத்தில் பக்கத்தில் வளர்ந்து, பார்க்க ஒன்றுபோல ஆகிவிட்டன.

சரி, இதனால நமக்கு என்ன லாபம்? இருக்கு! 'மாடுகளைப் பவுண்டுக்கு ஓட்டிச் சென்றனர்' என்று ஆங்கிலப் பாடத்தில் ஒரு வரி வருவதாக வைத்துக்கொள்வோம். அகராதியில் முதல் பொருளோடு நிறுத்தினால், 'மாடுகளைப் பணத்துக்கு ஓட்டிச் சென்றனர்' என்று எழுதுவோம். மார்க் போச்சு! எனவே 1-ல் நிற்காமல் 2, 3 வரை படிங்க. எந்தப் பொருள் வரியோடு ஒட்டுதோ அதை எடுங்க.

இன்னொன்று. நம் பள்ளி 'காம்பவுண்டு' சுவரில் பவுண்ட் இருக்கே, அதுவும் அடைப்புதானே என்று தோன்றும். ஆனால் அது பெரும்பாலும் மலாய் மொழியின் 'கம்போங்' (ஊர், குடியிருப்பு) என்ற சொல்லில் இருந்து வந்தது என்கிறார்கள். வேதியியல் பாடத்தில் வரும் காம்பவுண்ட் வேறு. அது 'சேர்த்து வைத்தல்' என்ற லத்தீன் சொல். ஒலியை மட்டும் நம்பி உறவு சொல்லக் கூடாது!

உங்களுக்கு ஒரு கேள்வி: கிரிக்கெட் மட்டையும் 'பேட்', வௌவாலும் 'பேட்'. ஒரே மரமா, இரண்டு மரமா? நூலகத்தில் பெரிய அகராதியைப் புரட்டுங்க. விடையை வகுப்பில் சொல்லுங்க!

– 9-ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு