உள்ளதை உள்ளபடி சொல்லுவோம்

(வேதபாடம்: அப்போஸ்தலர் 5:1-11, நீதிமொழிகள் 11:1)



பொய் சொல்லக்கூடாது என்று ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆனால் வாயைத் திறக்காமலே சொல்லுகிற பொய்யும் உண்டு. அதைக்குறித்து இந்த மாதம் உங்களோடு பேச விரும்புகிறேன். வில்லியனூர், பாகூர் பக்கத்துக் கிராமங்களில் நம்மில் பலருக்கு மாடும் பாலும்தான் பிழைப்பு. ஆகவே அதிலிருந்தே சொல்லுகிறேன்.

1. மறைப்பதும் பொய்தான்

மதகடிப்பட்டில் செவ்வாய்க்கிழமை மாட்டுச்சந்தை. கறவை மாட்டை முந்தின நாள் சாயங்காலமே கறக்காமல் விட்டு ஓட்டிக்கொண்டு போனால் மடி பெருத்துத் தெரியும். மாட்டுக்கு அது வேதனை; மடிநோய்க்கும் வழி. வாங்குகிறவர் மடியைப் பார்த்து விலை பேசுவார். "நான் ஒரு பொய்யும் சொல்லலீங்க, அவராப் பாத்துதான் வாங்கினாரு" என்று விற்றவர் சொல்லலாம். வாய் சொல்லவில்லை, மடி சொல்லிற்று! கடன் வாங்கி மாடு பிடித்த ஏழைக்கு மறுநாள் கறக்கும்போதுதான் உண்மை தெரியும்.

அனனியாவும் சப்பீராளும் செய்தது இதுதான். நிலம் அவர்களுடையது, விற்ற பணமும் அவர்களுடையது. அதைப் பேதுருவே ஒத்துக்கொள்ளுகிறார். ஒரு பங்கை வைத்துக்கொண்டது குற்றமல்ல. மீதியைக் கொண்டுவந்து முழுவதும் இதுதான் என்று காட்டினதே குற்றம்.

2. ஒரு பொய் இன்னொன்றைக் கேட்கும்

பால் சொசைட்டியில் லாக்டோமீட்டரை மிதக்கவிடுவார்கள். நல்ல பசும்பாலில் சுமார் 28 முதல் 32 வரை காட்டும். தண்ணி கலந்தால் எண் இறங்கும். ஆடையை எடுத்தால் ஏறும். இரண்டையும் செய்தவனுடைய பாலில் அது சரியென்றே காட்டக்கூடும். முதல் களவை மூட இரண்டாம் களவு! அதனால்தான் கொழுப்புச் சத்தைத் தனியே சோதித்து விலை போடுகிறார்கள். முதல் சோதனைக்குத் தப்பினது இரண்டாவதில் அகப்படும். அதோடு, எல்லார் பாலும் ஒரே கேனில்தான் சேருகிறது. ஒரு வீட்டுத் தண்ணீர் ஊர்ப் பாலுக்கே கெட்டபேர்.

3. யாரும் அளக்காத இடம்

தராசுக்கும் படிக்கல்லுக்கும் முத்திரை வேண்டும் என்று 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம் சொல்லுகிறது. நம் வாய்ப்பேச்சுக்கு முத்திரை வைப்பவர் யார்? கூலியாட்களின் நாள் கணக்கை எழுதும்போது? ரேஷன் அட்டைக்கு வருமானம் எழுதிக் கொடுக்கும்போது? சிவப்பு அட்டை வறுமைக்கோட்டுக்குக் கீழே இருக்கிற குடும்பத்துக்கு. வசதி வந்த பிறகும் அதை மாற்றாமல் வைத்திருந்தால், அதுவும் கறக்காத மடிதான். அங்கே லாக்டோமீட்டர் கிடையாது. மனசாட்சி ஒன்றுதான் உண்டு.

4. என்ன செய்யலாம்?

அடுத்த முறை மாடு விற்கும்போது, "வேளைக்கு நாலு லிட்டர்தாங்க, ஒரு காம்பு கொஞ்சம் மந்தம்" என்று நாமே முந்திச் சொல்லுவோம். விலை குறையும், மறுக்கவில்லை. வீட்டிலும் முணுமுணுப்பு வரும். ஆனால் வாங்கினவர் மறுபடி மாடு தேடும்போது நம் வீட்டு வாசலுக்குத்தான் வருவார். ஏற்கெனவே ஒருவரை ஏமாற்றியிருந்தால், சகேயுவைப்போலத் திருப்பிக் கொடுப்போம். அவன் நாலத்தனையாய்க் கொடுக்க முன்வந்தான். நாம் எடுத்ததையாவது கொடுப்போமே.

பிரியமானவர்களே, ஞாயிற்றுக்கிழமை நாம் சொல்லுகிற சாட்சியைச் சபையார் கேட்கிறார்கள். செவ்வாய்க்கிழமை சந்தையில் சொல்லுகிற சாட்சியை ஊரே கேட்கிறது. இரண்டும் ஒன்றாயிருக்கும்படி கர்த்தர் தாமே நமக்குக் கிருபை செய்வாராக. ஆமென்.