தோள்வார் வளையமும் ஆயுதச் சட்டமும்

கேள்வி: கோத்தகிரி அருகே எங்களுக்குச் சிறிய தேயிலைத் தோட்டம் இருக்கிறது. என் பெயரில் உரிமம் பெற்ற .22 ரைஃபிள் வைத்திருக்கிறேன். ரைஃபிள் கிளப்பில் பயிற்சிக்கு எடுத்துப் போவேன். அதன் கட்டை மரம் அல்ல, கறுப்பு சிந்தெடிக். தோள்வார் மாட்ட அதில் வளையம் இல்லை. தெரிந்த லேத் பட்டறைக்காரர், "விட்டுட்டுப் போங்க, ரெண்டு ஓட்டை போட்டு நாளைக்குத் தர்றேன்" என்கிறார். என் மைத்துனரோ, துப்பாக்கியில் எதை மாற்றினாலும் ஜெயில்தான் என்கிறார். இதற்குக் கலெக்டரிடம் அனுமதி வாங்க வேண்டுமா? வார் மாட்டியபின் தோளில் போட்டுக்கொண்டு போகலாமா?

– வாசகர், கோத்தகிரி

பதில்: வளையம் பொருத்துவது குற்றமல்ல. ஆனால் அதற்காக ரைஃபிளைப் பட்டறையில் விட்டுவிட்டு வந்தால் அது குற்றமாகிவிடும். இந்த இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள்.

துப்பாக்கியில் எந்த மாற்றத்துக்குத் தடை என்பதை 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் தெளிவாகவே சொல்கிறது. குழலின் நீளத்தைக் குறைப்பதையும், பொம்மைத் துப்பாக்கியைச் சுடும் துப்பாக்கியாக்குவதையும் 6-ஆம் பிரிவு தடுக்கிறது. ஒரு வகைத் துப்பாக்கியை வேறு வகையாக மாற்றுவதும் 2019 திருத்தத்தின் மூலம் இந்தத் தடைக்குள் வந்தது. பொறிக்கப்பட்ட எண்ணையும் பெயரையும் அழிப்பது, திருத்துவது 8-ஆம் பிரிவின்படி குற்றம். சத்தத்தையோ தீப்பிழம்பையோ குறைக்கும் துணைக்கருவியைச் சட்டம் துப்பாக்கி என்றே கருதுகிறது. தோள்வார் வளையம் இந்தப் பட்டியலில் எதிலும் சேராது. அது குழலையும் சுடும் இயக்கத்தையும் தொடுவதில்லை. உங்கள் உரிமத்தில் எழுதியிருக்கும் வகை, விட்டம், எண் ஆகியவையும் மாறுவதில்லை. ஆகவே மாவட்ட ஆட்சியரின் முன்அனுமதியோ உரிமத்தில் புதுப் பதிவோ தேவையில்லை என்பது என் கருத்து.

இனி பட்டறைக்கு வருவோம். துப்பாக்கியைப் பழுதுபார்க்கவும் மாற்றியமைக்கவும் 5-ஆம் பிரிவின்படி தனி உரிமம் வேண்டும். உரிமம் இல்லாமல் அந்த வேலையைச் செய்தால் 25-ஆம் பிரிவின்படி குறைந்தபட்சம் ஏழாண்டுச் சிறை. ஆயுள் வரைக்கும் போகலாம். ஓட்டை போடுவது பழுதுபார்ப்பு ஆகாது என்று நீதிமன்றத்தில் வாதாட முடியும். அந்த வாதம் வென்றாலும் சிக்கல் தீராது. உங்கள் ரைஃபிள் ஓரிரவு அவருடைய கடையில் இருந்தால் அவர் உரிமமில்லாமல் ஆயுதம் வைத்திருந்தவர் ஆகிறார். அதற்கு இரண்டு முதல் ஐந்தாண்டு வரை சிறை. வைத்துக்கொள்ளத் தகுதியில்லாதவரிடம் ஆயுதத்தை ஒப்படைத்ததற்காக 29-ஆம் பிரிவு உங்கள் மீதும் பாயும். கூடவே உரிமத்தை ரத்து செய்யும் அதிகாரம் உரிம அலுவலருக்கு 17-ஆம் பிரிவில் இருக்கிறது. உதவி செய்ய வந்த மனிதரையும் சேர்த்து வழக்கில் இழுத்துவிடாதீர்கள்.

பழுதுபார்க்கும் உரிமம் உள்ள ஆயுத வணிகரிடம் ரைஃபிளை நீங்களே எடுத்துச் செல்லுங்கள். உங்களால் போக முடியாவிட்டால், உங்கள் எழுத்துபூர்வ அதிகாரத்தோடு வேறொருவர் பழுதுபார்ப்புக்காக எடுத்துச் செல்ல 3-ஆம் பிரிவு இடம் தருகிறது. அந்த விலக்கு எடுத்துச் செல்வதற்கு மட்டுந்தான். என்ன வேலை செய்தார்கள், துப்பாக்கி எண் என்ன, எந்தத் தேதியில் வாங்கித் திருப்பித் தந்தார்கள் என்பதெல்லாம் இருக்கும் ரசீதை வாங்கி உரிமத்தோடு வைத்துக்கொள்ளுங்கள். வளையத்தையும் அவரிடமே பில் போட்டு வாங்குங்கள். ஆயுத உதிரிபாகங்களின் இறக்குமதிக்கு 10-ஆம் பிரிவின்படி உரிமம் வேண்டும் என்பதால், வெளிநாட்டிலிருந்து தபாலில் வரவழைத்தால் சுங்கத்தில் மாட்டிக்கொள்ள நேரும்.

நீங்களே துளைக்கலாமா என்று யோசிக்க வேண்டாம். சிந்தெடிக் கட்டைகள் பலவும் உள்ளே கூடாக இருக்கும். மரத்துக்குப் போடும் திருகாணி அதில் பிடிக்காது. உள்பக்கம் நட்டு கொடுத்து முடுக்க வேண்டியிருக்கும். முன்பகுதியில் துளை ஆழமாகப் போனால் குழலையே சேதப்படுத்திவிடும். குழலில் விழுந்த காயத்துக்குப் பிறகு பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். துளையே வேண்டாம் என்றால், பின்கட்டையில் உறைபோல் மாட்டி முன்பக்கம் சுருக்குப் போட்டு இறுக்கும் வார் இருக்கிறதா என்று வணிகரிடம் கேட்டுப் பாருங்கள். கட்டையில் கைவைக்காமலே வேலை முடியும்.

கடைசிக் கேள்விதான் மிக முக்கியம். வார் இருக்கிறது என்பதற்காகத் தோளில் தொங்கவிட்டுக் கடைவீதியிலோ பேருந்திலோ போகக் கூடாது. பொது இடத்தில் துப்பாக்கியை அதற்கான உறையில், முழுவதும் மூடிய நிலையில், உங்கள் கட்டுப்பாட்டில்தான் எடுத்துச் செல்ல வேண்டும் என்று 2016 ஆயுத விதிகள் கட்டளையிடுகின்றன. ஆகவே வீட்டிலிருந்து கிளப் வரைக்கும் உறை, சுடுகளத்தில் வார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் நீலகிரிக்காரர் என்பதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தலைமை வன உயிரினக் காப்பாளரின் எழுத்துபூர்வ முன்அனுமதி இல்லாமல் சரணாலயத்துக்குள் ஆயுதத்தோடு நுழைவதை 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 31-ஆம் பிரிவு தடுக்கிறது. தோட்டத்தில் பன்றி இறங்குகிறது என்றாலும் ஆயுத உரிமம் வேட்டை உரிமம் ஆகாது. வனத்துறையிடம் மனு கொடுங்கள்.

தேர்தல் காலத்தில் காவல் நிலையத்தில் ரைஃபிளை ஒப்படைக்கும்போது, வாரும் வளையமும் இருப்பதை ஒப்புகைச் சீட்டில் எழுதி வாங்குங்கள். உரிமம் உங்களை நம்பிக் கொடுத்தது. எத்தனை சின்ன வேலையாக இருந்தாலும், உரிமம் இல்லாத கையில் உங்கள் ரைஃபிளைக் கொடுக்காதீர்கள்.